தண்ணி மாதிரி இருந்த பாட்டில்

அத்தியாயம் பதினான்கு

மனித வரலாற்றில் கலக்க முடியாத நிறம் என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. இருப்பதாக யாராவது சொன்னால், அது இன்னும் கலர்க்காரர் கைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

இதைச் சொன்னவர் கலர்க்காரரேதான். இருபத்தெட்டு வருடமாகப் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவர் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் தலையணை உறையிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொண்டுவந்து, "சுவர் இந்த மாதிரி வேணும்" என்பார். கலர்க்காரர் நூலை வெளிச்சத்தில் பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், டப்பாவில் மூன்று சொட்டு விடுவார். கடைக்கு மிஷின் வந்த பிறகும், அது தப்பு செய்தால் பிடிப்பதற்காக முதலாளி அவரை வைத்துக்கொண்டார். மிஷின் இன்றுவரை தப்பு செய்யவில்லை. அந்த வருத்தத்தை அவர் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

மகளிடம் மட்டும் காட்டினார். மூன்று வாரத்துக்கு முன்னால், விருந்தாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "ஊரான் தலையைக் கழுவுறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டார். மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர், வயது இருபத்தேழு. பாப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் சலூனின் மாடி அறைக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்தச் சலூன்காரர்கள் வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு அவளை அனுப்புவதாக இருக்கிறார்கள். போனால் மூன்று வருடம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு உரிமையாளரம்மா வந்து கையெழுத்து வாங்கிப் போவார். அம்மாவிடம் போனில் பாப்பா சொன்னது ஒரே விஷயம்தான்.

"அப்பா வாயைத் திறந்து 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் போகலம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

"இன்னிக்கு ஆறு மணிங்க" என்றாள் டீச்சர். டீச்சர் என்பது கலர்க்காரரின் மனைவி. பாடம் நடத்துவதை விட்டு ஒன்பது வருடமாகியும் தெரு அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும்."

"ஒரு போன் போட்டா என்ன?"

"போடலன்னா என்ன? அவ போயிட்டா இந்த வீட்ல என்ன நின்னுபோயிடும், சொல்லு பார்ப்போம்."

 பதில் டீச்சர் தலையிலேயே இருந்தது. வகிட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பாப்பாதான் சாயம் போட்டுவிடுவாள். டீச்சரின் வலது தோள் இறுகிப்போய் இரண்டு வருடம் ஆகிறது, கை காதுக்கு மேலே எழும்பாது. இந்தத் தடவை ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

கலர்க்காரர் பார்வையும் சுற்றி வந்து அங்கேதான் நின்றது.

"இதானா?" என்றார். "இதுக்குத்தானா இவ்வளவு அலட்டலும்? எடு அந்தச் சாமானை."

பாப்பா விட்டுப்போன பிளாஸ்டிக் டப்பா குளியலறை அலமாரியில் இருந்தது. பக்கத்தில் அவள் பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மைத் தலை, பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. டப்பாவுக்குள் சாய ட்யூப் இரண்டு, பிரஷ், கிண்ணம், கையுறை, வெள்ளைப் பாட்டில் இரண்டு. சின்னதில் ஆக்டிவேட்டர் என்று எழுதியிருந்தது. பெரியதில் டெவலப்பர்.

"பாப்பா சின்னதிலேர்ந்துதான் ஊத்துவா" என்றாள் டீச்சர்.

கலர்க்காரர் சின்னதைத் திறந்து விரலில் விட்டுப் பார்த்தார். ஓடியது.

"இது தண்ணி."

"தண்ணி மாதிரிதாங்க இருக்கும். ஆனா…"

"இவளே, நான் என்ன தொழில் பண்றேன்?"

"கலர்."

"அப்ப?"

பெரியதைத் திறந்தார். கெட்டியாக, வெள்ளையாக, பிரைமர் மாதிரி வந்தது. வாடை மூக்கில் சுள்ளென்று ஏறியது. அவர் முகத்தில் பழைய நண்பனைப் பார்த்த சந்தோஷம்.

"இது சரக்கு. மேல என்ன போட்டிருக்கு பாரு, நாப்பது. சின்னதுல ஆறு. நீயே சொல்லு, ஆறு பெருசா நாப்பது பெருசா?"

டீச்சர் நடத்தியது கணக்குப் பாடம். நாற்பதுதான் பெரிது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை.

"அந்தப் பெரிய பாட்டில் பொம்மைக்குன்னு சொன்ன ஞாபகம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அப்புறம், ரெண்டு நாள் முன்னாடியே காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வெச்சுப் பார்ப்பா. அரிக்குதான்னு."

"ரெண்டு நாளா? ரெண்டு நாள்ல நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கே கலந்து அனுப்பியிருக்கேன். தலையில ஒரு சாண் இடம், அதுக்கு ரெண்டு நாள் ஆராய்ச்சி. இதைத்தான் உன் பொண்ணு தொழில்னு சொல்லிக்கிறா."

ட்யூபோடு வந்த தாளை டீச்சர் நீட்டினாள். அவர் அதை வாங்கினார், மேசையில் அழகாக விரித்தார், கறை படாமல் இருக்க அதன் மேல் கிண்ணத்தை வைத்தார்.

கையுறை போட்டுக்கொள்ளவில்லை. கலந்தார். கலக்குவதில் குறை சொல்ல முடியாது, ஒரு கட்டி கிடையாது.

மூன்று மணிக்கு முதல் கோட்.

முடியைப் பிரித்து, பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்து, ஓரங்களை முதலில் முடித்து உள்ளே வந்தார். சாயம் படாமல் இருக்க இடது கையால் டீச்சரின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் தன் காதைத் தொட்டது எத்தனை தடவை என்று டீச்சர் எண்ணிப் பார்த்தாள். கணக்கு சீக்கிரமே முடிந்துவிட்டது.

"எரியுதுங்க."

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இருபது நிமிடம் கழித்து இரண்டாவது கோட். ஒரு கோட்டோடு விட்டால் சுவர் பல்லைக் காட்டும் என்பது அவர் கொள்கை. தலைக்கும் அதுவேதான். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றினார். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று டிரையரை வேறு காட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. டிரையரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கலர்க்காரர் தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"எப்படித்தான் ஒரு நாளைக்கு எட்டு தலைக்கு நிக்கிறாளோ. எனக்கு ஒண்ணுக்கே இடுப்பு விட்டுப்போச்சு."

டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் அவர் மகளைப் பற்றிக் குத்தல் இல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு வாக்கியம் போனால் போனை எடுத்துவிடுவார் என்று தோன்றியது. நெற்றியோரம் யாரோ தீக்குச்சியை வரிசையாக அணைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இப்போது 'எரியுது' என்று சொன்னால் இந்தப் பேச்சு நின்றுபோகும்.

சொல்லவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இரண்டு வாக்கியம் வரவில்லை.

"போய் அலசிட்டு வா" என்றார்.

அவரும் கூட வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஆனால் கையில் பிரஷ் இருந்தது. பெயின்ட் கடைக்காரருக்கு முதல் கடமை பிரஷ், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சமையலறைக் குழாயடியில் நின்று நார் நாராகப் பிரித்து, ஒரு துளிச் சாயம் இல்லாமல் பத்து நிமிடம் கழுவினார். உள்ளே டீச்சர் ஒற்றைக் கையால் தலையை அலசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து துண்டை எடுத்தாள்.

கலர்க்காரர் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். நுனிப் பக்கம் பழைய பழுப்பு அப்படியே இருந்தது. வேரிலிருந்து இரண்டு விரல் அளவுக்கு மட்டும், கறுப்பாக இருந்த முடியும் கறுப்பை விட்டு, நல்ல வெயிலில் நிற்கும் ஓட்டுக்கூரை மாதிரி இருந்தது. நெற்றியோரம் தோல் சிவந்து தடித்திருந்தது. அவருடைய நிற அட்டையில் அந்த நிறம் ஏழாவது பக்கம், மேலிருந்து மூன்றாவது. வெளிச்சுவருக்கு மட்டும் என்று போட்டிருக்கும்.

"என்னங்க, பேச மாட்டேங்கறீங்க."

"காஞ்சா கொஞ்சம் இறங்கும்" என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

டீச்சர் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பாப்பாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் போன்களை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மகள் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் பையில் போட்டு வண்டியை எடுத்தார்.

அந்தச் சலூன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். மிதித்தார்.

கல்லாவில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். "கட்டிங்கா சார், கலரா?"

"கலர்."

அவள் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். கலர் பூச இடம் தாராளமாக இருந்தது, முடிதான் இல்லை. நல்ல பெண். ஒன்றும் சொல்லாமல் ஒரு டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

நான் பாப்பாவின் அப்பா, அவசரம், கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. பெஞ்சில் இரண்டு பேருக்கு நடுவே பையை மடியில் வைத்துக்கொண்டு, பதினெட்டாம் எண் டோக்கனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணியை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வருந்தினார்.

உள்ளே பாப்பா ஒரு வயதான அம்மாவுக்குத் தலை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் பிடித்துப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் கழுத்துக்கு அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமும் சொல்லாத எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா "ம்" போட்டாள். கலர்க்காரரின் வாடிக்கையாளர்கள் யாரும் இருபத்தெட்டு வருடத்தில் அவர் முன்னால் கண்ணை மூடியதில்லை. மூடினால் அளவைக் குறைத்துவிடுவார் என்று நினைப்பார்கள்.

"அப்பா."

எதிரில் பாப்பா நின்றாள், கையைத் துடைத்துக்கொண்டு. பின்சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார்.

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகக்கண் வரை பழுப்பு.

"யார் தலை?"

"அம்மா."

"எந்தப் பாட்டில்?"

"பெருசு."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்."

"அப்பா. நிமிஷம் சொல்லுங்க."

"நாப்பத்தஞ்சு. நடுவுல டிரையர்."

பாப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பழக்கமான விஷயம், பதிலுக்குக் கத்தியிருப்பார். வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"சின்னது சாயத்தை முடியில உட்கார வைக்கும். அவ்வளவுதான் அதுக்கு வேலை. பெருசு முடியைத் திறந்து, உள்ளே இருக்கிற கறுப்பையே வெளுத்துடும். நான் அதை அம்மா பக்கமே கொண்டுபோனதில்ல."

"நாப்பதுன்னு போட்டிருந்துச்சு. பலமா இருக்கும்னு…"

"எனாமல் கேட்டு வர்றவருக்குப் பெயின்ட் ரிமூவரைக் கொடுத்து அனுப்புவீங்களா, இது பலமா இருக்கும்னு?"

அனுப்ப மாட்டார். யாராவது அனுப்பினால் அந்தக் கதையை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்.

"உங்க கடையில சாம்பிள் டப்பா கொடுக்கிறீங்க இல்ல? சுவர்ல ஒரு மூலையில அடிச்சுப் பாருங்கன்னு. சுவத்துக்கு எரியக்கூட எரியாது, அதுக்கே கொடுக்கிறீங்க."

அவர் டோக்கனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பதினெட்டுதான்.

"இப்ப மேல டார்க்கா ஒண்ணு அடிச்சு மறைச்சுடலாம்ல?"

"தோல் சிவந்திருக்கா?"

"நெத்தியோரம்."

"அப்ப எதுவும் தொடக் கூடாது. நல்லா ஆறணும். மூணு வாரமாவது ஆகும். அதுக்கப்புறமும் முதல்ல பொட்டு வெச்சுப் பார்த்துட்டுத்தான்."

"மூணு வாரம் கழிச்சு யாரு போட்டுவிடுவா?"

நினைத்துக் கேட்டதல்ல, வாயில் வந்துவிட்டது.  பாப்பா துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை நேரம் கேள்வி கேட்டவள் இப்போது எதையும் கேட்கவில்லை. காத்திருக்கிறாள் என்பது கல்லாவில் இருந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்தது.

ஒரே ஒரு வார்த்தைதான், இரண்டு எழுத்து. கலர்க்காரர் வாயைத் திறந்தார்.

"ஏதாவது ஷாம்பூ வாங்கிட்டுப் போகட்டுமா?" என்றார்.

பாப்பா துண்டை உதறி மடித்தாள்.

"வேண்டாம். நல்லா அலசிட்டீங்க இல்ல?"

"அவளேதான் அலசிக்கிட்டா."

"அந்தக் கையோடவா?" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "பின்மண்டையில மருந்து அப்படியே இருக்கும்பா. இந்நேரம் அரிச்சுக்கிட்டிருக்கும். கிளம்புங்க, முதல்ல கிளம்புங்க. வெதுவெதுப்பான தண்ணி, பதினஞ்சு நிமிஷம், நீங்களே நின்னு அலசிவிடணும். அப்பவும் எரிஞ்சாலோ, கொப்பளம் வந்தாலோ நேரா டாக்டர்கிட்ட."

"பாப்பா…"

"போங்கப்பா, அம்மாவுக்கு எரியும்."

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குள் பாப்பா அடுத்தவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டோக்கன் இன்னும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டில் டீச்சர் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"'இரு'ன்னு சொன்னீங்களா?"

"தலையைச் சாய்" என்றார்.

சட்டைக் கையை மடித்தார். சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்தார். தன் மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுப் பார்த்து, இன்னும் அரைச் செம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்தார். ஊற்றினார். முதல் நாலு செம்புக்குத் தண்ணீர் துருப் பிடித்த மாதிரி ஓடியது. காதுக்குப் பின்னால், பிடரிக்கு மேல், டீச்சரின் கை எட்டாத இடத்தில் சாயம் காய்ந்து அடையாக இருந்தது.

"எனக்குத் தெரியுங்க" என்றாள் டீச்சர், குனிந்தபடியே. "சின்ன பாட்டில்தான்னு நல்லாவே தெரியும். நான்தான் அழுத்திச் சொல்லல."

அவர் ஊற்றினார்.

"அன்னிக்கும் அப்படித்தான். நாலு பேர் முன்னாடி நீங்க அவளைக் கேட்டப்ப, நான் தட்டை எடுத்து வெச்சுக்கிட்டிருந்தேன். தட்டு எங்கயும் ஓடிடாது."

அடை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கூடத்துக் கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியிருந்தது. டீச்சர் ஈரத்தோடு இடது கையை நீட்டி, ஜன்னல் கட்டையில் இருந்த போனை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க அலசுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கட்டையிலேயே வைத்தாள். இரண்டு மணி அடித்ததும் பாப்பாவே எடுத்தாள்; அப்பா கிளம்பியதுமே பெட்டியிலிருந்து போனைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

"அம்மா? எரிச்சல் நின்னுச்சா?"

"பரவாயில்ல இப்ப. அப்பா பேசறார்."

கலர்க்காரரின் இரண்டு கையும் ஈரத் தலைமுடியில் இருந்தன. போனைப் பார்த்தார், டீச்சரின் பிடரியைப் பார்த்தார். தண்ணீர் சொட்டியது. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு டிரையர் நின்றது. மேடம் வந்துட்டாங்க என்று யாரோ சொல்வது கேட்டது.

"பாப்பா" என்றார்.

"ம்."

"கழுத்துக்கு மேல இந்தப் பள்ளத்துல… இங்க எப்படித் தேய்க்கணும்?"

 வைத்துவிட்டாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள்.

"நகம் படக் கூடாது" என்றது போன். "விரல் நுனியால. சின்னச் சின்ன வட்டமா."

"இப்படியா?" என்றார், எதையும் பார்க்க முடியாத போனிடம்.

"மெதுவாப்பா."

மெதுவாக்கினார்.

"இன்னும் மெதுவா."

கூடத்தில் கடிகாரம் ஆறு அடித்தது. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் வந்தது, அதன் பிறகு காகிதம் புரளும் சத்தம். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கலர்க்காரர் குனிந்து, நகம் படாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.